டிவியைக் கண்டால் குரைக்கும் நாய்: அணைந்த திரையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

டிவியில் மாடு வந்தால் எழுந்து நிற்பது, சீரியலில் காலிங் பெல் அடித்தால் வாசலுக்கு ஓடுவது, இன்னொரு நாய் வந்துவிட்டால் திரையில் முன்காலை வைத்துக் குரைப்பது. இப்படி ஒரு நாய் இருக்கிற வீட்டில் செய்தியை முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த வீடுகளுக்காக எழுதுகிறேன்.

வேலூர் பக்கம் காட்பாடியில் எங்கள் வீட்டுச் செவலையைப் பழக்கியபோது எழுதி வைத்த குறிப்புகள்தான் இதற்கு அடிப்படை. செவலை நாட்டு நாய். அப்போது அதற்கு இரண்டு வயது. பிறகு சத்துவாச்சாரி, பாகாயம், குடியாத்தம் என்று தெரிந்தவர்கள் வீடுகளில் ஏழெட்டு நாய்களோடு உட்கார்ந்திருக்கிறேன். இது என் தொழில் இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்தேன்: டிவியைப் போடுகிறார்கள், நாய் குரைக்கிறது, அதற்குப் பிறகுதான் பாடம் ஆரம்பிக்கிறது.

சரியான வரிசை இது: முதலில் அணைந்த டிவி, அடுத்து ஒலி மட்டும், அடுத்து படம் மட்டும், கடைசியில் இரண்டும். நான் பார்த்த நாய்களுக்கு இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆனது. நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்த வீடுகளில் இரண்டு மாதம் இழுத்தது.

1. மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் கவனியுங்கள்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நாய் கிளம்பும் ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் எழுதுங்கள்: நேரம், திரையில் என்ன ஓடியது, நாய் முதலில் என்ன செய்தது, வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்.

இதில் மூன்றாவதுதான் பின்னால் அதிகம் உதவும். குரைப்பு கடைசியில் வருவது. அதற்கு முன்னால் காது நிமிரும், திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும், வால் ஆட்டம் நிற்கும், உடம்பு விறைக்கும். உங்கள் நாய்க்கு முதலில் வரும் அடையாளம் எது என்று தெரிந்தால்தான், அடுத்தடுத்த படிகளில் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

நோட்டு எதற்கு, எங்களுக்கே தெரியுமே என்பார்கள். சத்துவாச்சாரியில் ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார்: "எங்க ஜிம்மிக்கு அந்த எட்டரை மணி சீரியல் ஆவவே ஆவாது. பாட்டு போட்டா போதும், கொலைக்க ஆரம்பிச்சிடுது." நோட்டில் எழுதிப் பார்த்தால், சீரியல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் ஜிம்மி அதே நேரத்தில் குரைத்திருந்தது. மாடி வீட்டுக்காரர் வேலை முடிந்து வண்டியில் தெருமுனை திரும்பும் நேரம் அது. டிவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எதற்குக் கிளம்புகிறது என்று ஓரளவு பிடிபட்டதும் இரண்டு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒருநாள் திரையின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு ஒலியை மட்டும் இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். மறுநாள் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் இரண்டு நிமிடம். எதில் நாய் எழுந்ததோ, உங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் அந்தப் படிக்குப் போகும். இரண்டிலும் எழவில்லை, ஆனால் கிரிக்கெட்டில் விக்கெட் விழும்போது மட்டும் குரைக்கிறது என்றால், நாய்க்குப் பிரச்சினை டிவி இல்லை. சோபாவில் இருந்து துள்ளிக் கத்தும் உங்கள் பையன்.

நாயின் குணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தினர் 453 நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு 2025-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். துறுதுறுப்பான நாய்கள் திரையில் ஓடும் பொருளைத் துரத்தி, அது திரையை விட்டுப் போன பிறகும் தேடின. பயந்த சுபாவம் உள்ளவை காலிங் பெல், வண்டி ஹாரன் போன்றவற்றுக்கு அதிகம் கிளம்பின. என் அனுபவத்திலும் முதல் வகைக்குப் படம், இரண்டாம் வகைக்கு ஒலி.

2. நாய்க்கு அந்தத் திரையில் என்ன தெரிகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால், தேவையில்லாத இடத்தில் நேரத்தைச் செலவழிப்பீர்கள்.

நிறம்: நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. நாய்க்கு இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது, இரண்டும் மங்கிய மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். சென்னை அணியின் மஞ்சள் சட்டை செவலைக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னதும் எங்கள் வீட்டுப் பையனுக்கு ஒரே சந்தோஷம். மைதானத்துப் புல்லும் அதற்கு மஞ்சளாகத்தான் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. டிவியில் நிறத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது வீண் வேலை. நாயை இழுப்பது அசைவு.

தெளிவு: நாம் 75 அடி தூரத்தில் இருந்து தெளிவாகப் பார்ப்பதை, நாய் 20 அடிக்கு நெருங்கினால்தான் அதே தெளிவில் பார்க்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அதனால்தான் திரைக்கு மூக்கு படும் அளவுக்குப் போகிறது, திமிர் இல்லை. இதையே நமக்குச் சாதகமாக்கலாம். நாயை நாலு அடி பின்னால் உட்கார வைத்தாலே படம் அதற்கு மங்கி, அதன் இழுப்பு குறைந்துவிடும்.

மினுக்கல்: "முன்ன ஒரு நாய் வளத்தோம், அது டிவிய திரும்பிக்கூட பாக்காதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்தக் காலத்துக் குழல் டிவி விநாடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தது. நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய ஒட்டிப்போய்விடும். நாய்க்கண் விநாடிக்கு 70 முறைக்கு மேல் வரும் மினுக்கலையும் பிடித்துவிடும் என்பதால் அதற்கு அது விட்டுவிட்டு எரியும் விளக்கு. போதாததற்கு அந்த டிவிகள் 15,625 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய கீச்சொலியையும் விடாமல் எழுப்பிக்கொண்டிருந்தன. இப்போதைய எல்இடி திரையில் ஒரு படம் அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கிறது. நாய்க்கும் அது ஓட்டமாகத் தெரிகிறது. புது டிவி வாங்கிய வாரத்தில் நாய் குரைக்க ஆரம்பித்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

காது: நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்போம், நாய் 45,000 வரை கேட்கும். ஆனால் டிவியில் நமக்குக் கேட்காத ரகசிய ஒலி ஒன்றும் வருவதில்லை. ஒலிப்பதிவே மனிதக் காதை ஒட்டித்தான். வித்தியாசம் வேறு இடத்தில். நாம் கவனிக்காத மெல்லிய சத்தத்தையும், காட்சியின் பின்னணியில் எங்கோ குரைக்கும் நாயையும் அது பிடித்துவிடும். நீங்கள் சின்னதாக வைத்த ஒலி அதற்குச் சின்னது இல்லை.

மூக்கு: திரையில் வரும் நாய்க்கு வாசனை கிடையாது. அதனால்தான் டிவிக்குப் பின்னால் போய்த் தேடுகிறது.

நாய்ப்படம்தான் எல்லாவற்றிலும் கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2013-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 9 நாய்கள், வாசனையோ சத்தமோ இல்லாமல், திரையில் காட்டிய முகப்படங்களில் நாய் எது, வேறு விலங்கு எது என்று பிரித்துக் காட்டின. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தினர் 2024-ல் 1,246 பேரின் பதில்களை அலசியபோதும், நாய்களை அதிகம் ஈர்த்தவை விலங்குகள், அதிலும் முக்கியமாக வேறு நாய்கள் என்றுதான் தெரிந்தது. நாய் வரும் வீடியோவை முதல் நாளே போட்டுப் பார்ப்பவர்கள், நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுகிறார்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

ஒரு பழைய ஜமக்காளம் அல்லது மடித்த கோணிச்சாக்கு. நாய்க்குப் போதுமான நீளத்தில் நைலான் கயிறும் கழுத்துப்பட்டையும். சங்கிலி வேண்டாம், அதன் கலகலப்பே நாயைக் கிளப்பும். ரிமோட், செல்போன், போர்வை, நோட்டு.

தின்பண்டம் வேகவைத்த கோழி. உப்பு, மசாலா எதுவும் இல்லாமல், பட்டாணி அளவுக்கு நறுக்கி ஒரு கிண்ணத்தில். முட்டையின் வெள்ளையும் சரி. பொறை கொடுத்தால் கடித்து மென்று முடிப்பதற்குள் திரையில் காட்சி மாறிவிடும். உடனே விழுங்கக்கூடியதுதான் இதற்கு ஏற்றது. ஞாயிற்றுக்கிழமை மீந்த ஆம்பூர் பிரியாணியில் இருந்து கறியை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு தொண்டையிலும் குடலிலும் குத்தும். பயிற்சியில் போகும் அளவை அன்றைய சோற்றில் கழித்துவிடுங்கள்.

4. டிவியையும் அறையையும் சரி செய்யுங்கள்

ஸ்டாண்டில் நிற்கும் டிவியாக இருந்தால் முதலில் அதைச் சுவரில் மாட்டுங்கள், அல்லது பின்பக்கம் பட்டை போட்டுக் கட்டுங்கள். பின்னால் தொங்கும் ஒயர்களை ஒரு குழாய்க்குள் விடுங்கள். நாய் பின்னால் போய்த் தேடும் என்று சொன்னேன் அல்லவா? பாகாயத்தில் ஒரு லாப்ரடார் அப்படிப் போய், ஒயரில் கால் மாட்டி, டிவியைத் தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கொண்டது. அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மூலைக்கே வராமல் மூன்று மாதம் போனது.

கரண்ட் போய் வந்தால் சில டிவிகள் தானாகவே எரிந்து, விட்ட இடத்து ஒலியிலேயே கத்தும். பயிற்சி நடக்கும் வாரங்களில் சுவிட்சையே அணைத்து வையுங்கள். பத்து நாள் பாடம் அரை நொடியில் போய்விடும். எங்கள் வீட்டில் ஒருமுறை போனது.

நேரம் காலை ஆறு ஏழு மணி, இல்லையென்றால் இரவு ஏழுக்கு மேல். வேலூர் வெயிலில், அதுவும் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில், மதியம் நாய்க்கு எதுவும் ஏறாது. இன்னொரு காரணமும் உண்டு. பயத்திலும் நாய் இரைக்கும், வெக்கையிலும் இரைக்கும். எது எது என்று உங்களால் பிரிக்க முடியாமல் போகும். ஜமக்காளத்தை ஃபேனுக்கு அடியில், டிவியில் இருந்து அறை அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

5. டிவி அணைந்திருக்கும்போதே இடத்தைப் பழக்குங்கள்

எல்லாரும் தவிர்க்கும் படி இது. "டிவியே ஓடலையே, இதுல இன்னா பழகறது?" என்று கேட்பார்கள். நாய்க்கு ஒரு சமயத்தில் ஒரு புது விஷயம்தான் கற்றுக்கொடுக்க முடியும். திரையில் காளை ஓடும்போது 'போய்ப் படு' என்ற சொல்லைப் புதிதாகச் சொன்னால், அது காதிலேயே ஏறாது. சொல் முன்பே பழகியிருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

நாய் தற்செயலாக ஜமக்காளத்தில் கால் வைத்தாலே ஒரு துண்டு கறியை அதன் மேலேயே போடுங்கள். கையில் கொடுக்காதீர்கள், கையில் கொடுத்தால் உங்கள் பின்னால் வரும், தரையில் போட்டால் இடத்தில் நிற்கும். இரண்டு நாளில் தானாகவே போய் நிற்கும். பிறகு படுத்தால் மட்டும் துண்டு. பிறகு படுத்து ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

நாய் தானாகப் போக ஆரம்பித்த பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நான் முதலில் 'பாய்' என்று வைத்தேன். எங்கள் தெருவில் பாய் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். அவர்களை யாராவது கூப்பிடும்போதெல்லாம் செவலை போய்ப் படுத்துவிட்டுக் கறிக்காக என்னைப் பார்த்தது. 'சாக்கு' என்று மாற்றினேன். வீட்டில் எல்லாரும் அதே ஒரு சொல். ஒருவர் 'படு', ஒருவர் 'போ', ஒருவர் 'டேய்' என்றால் நாய்க்கு அது மூன்று பாடம்.

அறையில் நீங்கள் எழுந்து நடந்தாலும், ரிமோட்டைக் கையில் எடுத்தாலும் நாய் படுத்தே இருந்தால் இந்தப் படி முடிந்தது. ரிமோட்டை எடுத்தாலே எழும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு ரிமோட்டை எடுப்பது, கறி போடுவது, ரிமோட்டை வைப்பது என்று இருபது முப்பது தடவை.

6. ஒலி மட்டும்

நோட்டில் எழுதிய சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள், அல்லது யூடியூபில் தேடி எடுங்கள். காலிங் பெல், நாய் குரைப்பு, ஹாரன். குடியாத்தம் திருவிழாவான கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை லோக்கல் கேபிளில் நேரலையாகக் காட்டியபோது பம்பை மேளச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் புகுந்த ஒரு குடியாத்தம் நாய்க்குப் பம்பையையே பதிவு செய்தோம்.

செல்போனை நாய்க்கு எதிரே வைக்காமல் டிவி இருக்கும் பக்கத்தில் வையுங்கள். ஒலி அங்கிருந்துதான் வரும் என்று நாய் பழக வேண்டும். உங்களுக்கே கேட்டும் கேட்காத அளவில் தொடங்குங்கள். மூன்று விநாடி ஒலி, நிறுத்தம், கறி. பத்து விநாடி இடைவெளி. திரும்பவும் அதேதான்.

இங்கே முன்பின் ரொம்ப முக்கியம். சத்தம் முதலில், கறி அடுத்து. நாலு வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள்: நாயைச் சமாதானமாக வைக்கக் கறியைக் காட்டிவிட்டுச் சத்தத்தைப் போட்டார்கள். ஒரு வாரத்தில் என்ன ஆனது தெரியுமா? கறிக் கிண்ணத்தைப் பார்த்தாலே நாய் பதுங்கியது. கறிதான் அபாய மணி ஆகிவிட்டது.

காது திரும்பினால் பரவாயில்லை, கேட்கிறது, அவ்வளவுதான். காது திரும்பி, உங்களையும் பார்த்தால் மிக நல்லது: சத்தத்துக்கும் கறிக்கும் முடிச்சு போட்டுவிட்டது. உடம்பு விறைத்தால், கறியை முகர்ந்துவிட்டு எடுக்காமல் விட்டால், ஒலி அதிகம். பாதியாக்குங்கள்.

ஒலியளவைக் கூட்டும் நாளில் நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரத்தைக் கூட்டும் நாளில் ஒலியளவு பழையபடி. இரண்டையும் சேர்த்து ஏற்றினால், எதனால் தவறியது என்று உங்களுக்கே தெரியாது.

செல்போன் ஸ்பீக்கரில் அடித்தொனி வராது. சீரியலில் மாமியார் திரும்பிப் பார்க்கும்போது இடிக்கிற அந்த 'டமார்' செல்போனில் வெறும் 'டப்'தான். ஆகவே செல்போனில் தேறியதும், டிவித் திரையைப் போர்வையால் மூடி, அதே சத்தத்தை டிவியிலிருந்து மறுபடியும் மிகக் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். தனியாகப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு மாதம் அதன் இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது.

7. படம் மட்டும்

ஒலியை முழுவதும் நிறுத்துங்கள். நாய் ஜமக்காளத்தில், கயிறு உங்கள் மடியில் தளர்வாக. ஹால் சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம். சமையலறை நடையில் ஜமக்காளத்தைப் போட்டு, கதவு வழியாகத் திரை தெரியும்படி உட்காருங்கள். எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அப்படித்தான் செய்தேன்.

எதைப் போடுவது? முதல் நாலு நாள் செய்தி வாசிப்பவர், சமையல் நிகழ்ச்சி. அசைவு குறைவு. அடுத்து, ஆட்கள் நடமாடும் சீரியல். அடுத்து வண்டி, பந்து. பிறகு பறவை, மாடு. கடைசியில் நாய். செல்போனில் இருந்து டிவிக்கு அனுப்பும் வீடியோவாக இருந்தால் நல்லது, நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். கேபிள் சேனலில் எந்த நேரம் எந்த விளம்பரத்தில் நாய் குதித்து வரும் என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாய் திரையைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பும் அந்த நொடியில் கறி. பார்க்கக்கூடாது என்று பழக்காதீர்கள். அது நடக்காது, தேவையும் இல்லை. பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, திரும்பினால் கறி என்பதுதான் நாய் கற்க வேண்டியது. மூன்று விநாடி எண்ணியும் திரும்பவில்லை என்றால் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுங்கள். அதற்கும் திரும்பவில்லையா, இன்னும் நாலு அடி பின்னால் போங்கள்.

பின்னால் போய்த் தேடும் நாயாக இருந்தால், டிவியை அணைத்துவிட்டு, கயிற்றோடு ஒருமுறை அழைத்துப் போய் ஆற அமர முகரவிடுங்கள். சிலதுக்கு அதிலேயே சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. செவலைக்குத் தீரவில்லை; மூன்று நாள் தினமும் போய் 'செக்' பண்ணிவிட்டு வந்துதான் படுத்தது. நான் தடுக்கவில்லை.

8. இரண்டையும் சேர்ப்பது

தனித்தனியாகத் தேறிய நாய், சேர்த்ததும் குரைத்தால் பயப்பட வேண்டாம். சேர்க்கும் நாளில் இரண்டையும் இறக்கிவிட வேண்டும்: ஒலி பாதி, தூரம் முன்பைவிட அதிகம், படம் மறுபடியும் செய்தி வாசிப்பவர். அங்கிருந்து மேலே ஏறுங்கள். ஏற்கனவே போன வழி என்பதால் இந்த முறை வேகமாக ஏறும்.

விளம்பர இடைவேளைக்குத் தனியாகத் தயாராக இருங்கள். ஒலி சட்டென்று ஏறும், காட்சி விநாடிக்கு ஒன்றாக மாறும். கொஞ்ச நாளைக்கு, விளம்பரம் தொடங்கியதும் இரண்டு மூன்று துண்டுகளை ஜமக்காளத்தில் தூவிவிடுங்கள். விளம்பரம் வந்தால் தலையைக் குனிந்து தேட வேண்டும் என்று நாய் பழகிவிடும்.

கிரிக்கெட்டுக்கு மனிதர்களைப் பழக்க வேண்டும். முதலில் ஆட்டம் இல்லாத நாளில், டிவி அணைந்திருக்கும்போது, ஒருவர் எழுந்து நின்று மெதுவாகக் கைதட்டட்டும், நாய்க்குக் கறி. பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு துள்ளல். வீட்டில் சிரிப்பாகத்தான் இருக்கும், செய்யுங்கள்.

பொங்கல் வாரத்தில் புதுப் பாடம் எதுவும் வேண்டாம். டிவியில் காலை முதல் ஜல்லிக்கட்டு நேரலை. நம் பக்கத்துக் கிராமங்களிலோ மாடு விடும் விழா: மைக்செட், விசில், வெடி எல்லாம் வாசலிலேயே கேட்கும். திரையில் ஓடும் காளைக்கு வெளியில் இருந்து சத்தம் வரும்போது, நாய் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் நாயை உள்ளறையில் விட்டு, ஜமக்காளத்தையும் அங்கேயே போட்டுவிடுவேன். தீபாவளிக்கும் இதே கதைதான். வெடிச் சத்தத்தை மறைக்க டிவியைச் சத்தமாக வைக்கலாம் என்பது, ஏற்கனவே டிவி பழகிய நாய்க்கு மட்டும் உதவும். பழகாததற்கு ஒரு பயத்தோடு இன்னொன்றும் சேரும்.

9. நடுவில் குரைத்துவிட்டால்

'ஏய்!' என்று கத்தாதீர்கள். நாய்க்கு அது நீங்களும் சேர்ந்து குரைப்பது. செருப்பை எறிவது, காதைப் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்தி 'பார், ஒன்னும் இல்ல' என்று காட்டுவது இரண்டும் இன்னும் மோசம். வலியும் அந்த மாட்டோடு சேர்ந்து நினைவில் தங்கும்.

ஒலியை நிறுத்துங்கள், கயிற்றைப் பிடித்து நிதானமாகப் பக்கத்து அறைக்கு நடத்துங்கள், இரண்டு மூன்று நிமிடம் அங்கே இருங்கள். திரும்பி வந்து, முந்தைய எளிய அளவில் ஒரே ஒருமுறை ஓட்டி, சரியாக இருந்ததற்குக் கறி போட்டு, அன்றைய பாடத்தை முடியுங்கள். ஒவ்வொரு குரைப்புக்கும் டிவியை அணைத்துக்கொண்டே இருந்தால், குரைத்தால் அந்த மாடு ஓடிவிடும் என்று நாய் முடிவு கட்டிவிடும். நாயைத்தான் விலக்க வேண்டும்.

ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி ஆனால் நாய் மேல் தப்பு இல்லை. படி சீக்கிரம் ஏறிவிட்டீர்கள். நோட்டைப் பார்த்து, கடைசியாக நன்றாக இருந்த நாளின் அளவுக்குத் திரும்புங்கள்.

10. குட்டியாக இருந்தால்

மூன்று வாரம் முதல் சுமார் பதினாலு வாரம் வரை குட்டி எதையும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் பருவம். அப்போதே குறைந்த ஒலியில் டிவி ஓடும் அறையில் சோறு வைத்து வந்தால் மேலே எழுதிய எதுவும் தேவைப்படாமல் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: செல்போனில் எலியும் மீனும் ஓடும் வீடியோவைக் காட்டிக் குட்டியைத் துரத்த வைத்து விளையாடாதீர்கள். திரையில் ஓடுவதைப் பிடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். லேசர் விளக்கு ஆட்டமும் அதே ரகம்.

வேலைக்குப் போகும்போது துணைக்கு டிவியைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கமும் உண்டு. பழகிய நாய்க்குத் தப்பில்லை. ஆனால் கேபிள் சேனலாக வேண்டாம், நீங்கள் முன்பே பார்த்த அமைதியான வீடியோவாக இருக்கட்டும். பழகாத நாயை ஒரு நாள் முழுக்க டிவியோடு பூட்டி வைத்தால், அத்தனை மணி நேரமும் அது குரைப்பைத்தான் பயிற்சி செய்கிறது.

11. கால்நடை மருத்துவரிடம் எப்போது

இத்தனை வருடம் சும்மா இருந்த வயதான நாய் திடீரென்று டிவிக்கு மிரண்டால், முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. பார்வை மங்குவது, காது மந்தமாவது, மூட்டு வலி எல்லாமே நாயைச் சுலபமாகத் திடுக்கிட வைக்கும். டிவி அணைந்த பிறகும் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பது, இல்லாத ஈயைக் கடிப்பது போல வாயை மூடித் திறப்பது, எச்சில் வழிய நடுங்குவது, ஒளிந்துகொண்டு சோறு எடுக்காமல் இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போட வேண்டாம். மனிதர்களுக்கு எழுதிய தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

போகும்போது செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். பெரும்பாலானவர்கள் டிவித் திரையைத்தான் எடுத்து வருகிறார்கள். மருத்துவருக்கு அதில் வேலை இல்லை. ஒலி கேட்கும்படி, நாயின் முகம், காது, வால், நிற்கும் விதம் எல்லாம் தெரியும்படி, பக்கவாட்டில் இருந்து எடுங்கள். அந்த நோட்டையும் கூடவே கொண்டு போங்கள்.